கரடிக்கும் ஒரு சாவி

அக்கா,

இப்போது வீட்டில் இருப்பவர்கள்: உன் மகள், துணைக்குப் பக்கத்து வீட்டு அத்தை, டிவிக்குள் ஒரு கரடி.

கதவுச் சண்டை தீர்ந்தது. கார்ட்டூன் கரடி பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நின்றதிலிருந்து, அது இங்கேதான் வரும் என்று வாசலைப் பூட்டவே விடாமல் அடம்பிடித்தாளே. அது வெறும் படம் என்று நான் சொன்னதற்கு அழுதாள். "காலேஜையே பாதியில விட்டவன், கொழந்தைக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்" என்றாய் நீ. சுருக்கென்றுதான் இருந்தது. போகட்டும்.

இன்று அவளே வழி சொன்னாள். "மாமா, நீ ராத்திரியெல்லாம் வெளியதான இருக்க? கரடியப் பாத்தா கூட்டிட்டு வா. உங்கிட்டதான் சாவி இருக்கே!"

சரி என்றுவிட்டேன். பெட்ரோல் பங்கில் நான் என்ன வெட்டி முறிக்கிறேன்? காலையில் கேட்டால், ராத்திரியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கரடி வரவில்லை என்பேன். பொய்யில்லை.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடுபண்ணிச் சாப்பிடு.

பி.கு.: வாசலில் நின்று இதை எழுதிக் கதவிடுக்கில் செருகுகிறேன். "நல்லாத் தேடு மாமா" என்று சொல்லி என்னை வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, அவளே பூட்டிக்கொண்டாள்.