கட்டின் நடுவில் இருக்கும் இலை

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். நேற்றைய சூட்டையே மலைப் பாறைகள் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை. அதற்குள் இன்றைய வரவு. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். கிரைண்டர் பெல்ட் மாற்ற வேண்டும்.

நேற்று வணிகர் சங்கத்தில் கூட்டம். தலைப்பு: ‘சப்ளையரோடு நல்லுறவு’. பேச்சாளர் சென்னையிலிருந்து வந்தவர், கோட்டோடு. இந்த மாதத்தில் செஞ்சியில் கோட்டுப் போடுகிற ஒருவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தனிக் கேள்வி. அவர் சொன்னது:

– சப்ளையர் இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள்.
– ‘உங்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று மனதாரக் கேளுங்கள்.
– அவர் வியாபாரி அல்ல, கூட்டாளி.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு வந்தது. சங்கத்துக்கும் சமையல்காரருக்கும் ஏதோ தகராறாம். போகும்போது ஆளுக்கொரு பை. உள்ளே பேனா, விளம்பரச் சீட்டு, ஏதோ கம்பெனியின் பேப்பர் இலை ஒன்று, மாதிரிக்கு. பச்சை நிறம், நரம்பெல்லாம் அச்சு. ஈ ஓட்ட ஆகும் என்று கல்லா மேசையில் வைத்தேன்.

என் மெஸ்ஸுக்கு அரிசி, பால், காய் கொடுத்தவர்கள் எல்லாம் மாறிவிட்டார்கள். மாறாதவள் இலைக்கார அம்சா மட்டும். அனந்தபுரத்துப் பக்கம் வாழைத்தோட்டம். விடிந்ததும் மொபெட்டில் கட்டு வந்துவிடும். கட்டின் மேலே நல்ல இலை, அடியில் நல்ல இலை, நடுவில் கிழிசல். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா என்பது தெரியாது. கிழிசலில் பார்சல் மடிக்கிறோம், வீணாவதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

வெள்ளி 29, பெரிய முகூர்த்தம். அன்று என் மெஸ்ஸுக்கே ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. திருவண்ணாமலை ரோட்டில் ஏசி ஹோட்டல் வந்த பிறகு என்னைத் தேடி வந்த முதல் பெரிய ஆர்டர். பெண் வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நல்ல தலைவாழை இலை, ஒரு கிழிசல்கூட இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் குறை கண்டுபிடிக்கவே கிளம்பி வருகிறவர்களாம். இது சொதப்பினால் கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்கலாம். அங்கே இலை வேண்டாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சங்கத்தில் கற்ற வித்தையை அம்சாவிடம் சோதித்தேன்.

கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். “ஏம்மா அம்சா, உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்குதா?”

மொபெட்டை அணைத்தாள். அவள் வண்டி அணைந்து நான் பார்த்ததில்லை.

“யாருண்ணா இன்னா சொன்னாங்க?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்.”

“இத்தினி வருஷமா சும்மா கேக்கல?”

காபி கொடுக்கச் சொன்னேன். நின்றபடி பாதி குடித்தாள். கண் கல்லா மேசை மேலேயே. நல்லுறவு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு முழங்கால் வலி இன்று பரவாயில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மாஸ்டர் ஏழுமலை சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டார். குரலைக் கேட்டால் பாம்பு என்று தோன்றியது.

“மொதலாளி, இங்க வாங்க. கட்டப் பாருங்க.”

“இன்னா?”

“நடுவுல எல்லாம் நல்ல எல.”

ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கிழிசல் இல்லை. பார்சல் மடிக்க நல்ல இலையைக் கிழிக்க வேண்டியிருந்தது. ஏழுமலை அதைச் செய்தபோது யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருந்தது.

“இவ்ளோ நல்லவ இல்லையே அந்தம்மா,” என்றார்.

அதேதான் என் சந்தேகமும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றும் கிழிசல் இல்லை. மேலும் ஒரு வாழைப்பூ, இலவசம். கறிவேப்பிலைகூடக் கொசுறு தராதவள்.

காரணம் என்னவாக இருக்கலாம்:
1. விலை ஏற்றப் போகிறாள்.
2. மகனுக்கு எங்காவது வேலைக்குச் சொல்லச் சொல்வாள். (நான் சொல்லி யார் வேலை கொடுப்பார்கள்? அது அவளுக்கும் தெரியும். இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.)
3. ஏசி ஹோட்டலுக்கு மாறுகிறாள். இது விடைபெறும் மரியாதை.

மூன்றாவதுதான். போகிறவர்கள் போவதற்கு முன் நல்லவர்களாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் பழைய சர்வர் கிளம்பிய வாரத்தில்தான் முதன்முதலாக மேசையைத் துடைத்தான்.

மனைவியிடம் சொன்னேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கிழிஞ்ச எல குடுத்தா நிம்மதி, நல்ல எல குடுத்தா சந்தேகம். உங்களுக்கு நல்லது பண்றவங்க இன்னாதான் பண்ணுவாங்க?”

“நல்லது பண்ணக் காரணம் இருக்கணும்.”

“எனக்கு இன்னா காரணம்?”

பேச்சு வேறு திசையில் போனதால் கடைக்குத் திரும்பினேன். வாழைப்பூ வடை நன்றாக இருந்தது. அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது.

ஆகஸ்ட் 23, சனி

மூட்டம். மழை இல்லை.

முன்னெச்சரிக்கையாக அவலூர்பேட்டை போனேன். அங்கே ஓர் இலை மண்டி. முதலாளி இளைஞர், வெள்ளைச் சட்டை, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சார். “சார், உங்களுக்கு இல்லாமலா சார்? எப்ப வேணாலும் போன் பண்ணுங்க சார்.” கட்டைப் பிரித்து நடுவைக் காட்டினார். எல்லாம் நல்ல இலை. ஆள்மேல் நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

துரோகம் எல்லாம் இல்லை. விசாரித்தேன், அவ்வளவுதான். கோட்டைக்குள் அத்தனை பெரிய களஞ்சியம் எதற்குக் கட்டினார்கள்? ராஜாக்களுக்கே சப்ளையர்மேல் நம்பிக்கை இல்லை.

திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோ. பாதி வழியில்தான் டிரைவரின் முகத்தைக் கவனித்தேன். அம்சாவின் கொழுந்தன்.

“இன்னா மொதலாளி, இந்தப் பக்கம்?”

“ஒரு துக்கம்.”

“யாரு வூட்ல?”

யார் வீட்டில் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்சா வந்தாள். வண்டியை அணைக்கவில்லை. கட்டு பழுதில்லாமல் இருந்தது. முகம் அப்படி இல்லை.

“வெள்ளிக்கிழம பந்திக்கு எல சொல்லியிருந்தேனேம்மா.”

“மூர்த்தம். எங்கயும் எல டைட்டு. பாக்கலாம்.”

‘பாக்கலாம்’. இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல். ‘இல்லை’ என்றால் சண்டை போடலாம். பாக்கலாமோடு யார் சண்டை போட முடியும்? கிளம்பும்போது, “துக்கத்துக்குப் போனீங்களாமே. யாருண்ணா?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. ஏழுமலை தன் கை இல்லை, டென்ஷன் என்கிறார். யார் டென்ஷன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அவலூர்பேட்டைக்குப் போன் செய்தேன்.

“வெள்ளிக்கிழமையா சார்? ரெகுலர் பார்ட்டிக்கே இல்ல சார். அடுத்த வாரம் எவ்ளோ வேணும்னாலும் தர்றேன் சார்.”

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் இருக்காது. என் கடையும் இருக்குமா, தெரியாது. பெண்ணின் அப்பா மாலையில் வந்தார். “எல விஷயம் ஞாபகம் இருக்குதில்ல?” சிரித்தேன். என் சிரிப்பை அவர் சந்தேகமாகப் பார்த்தார். நியாயம்.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

கடை லீவு. கோட்டுக்காரரின் முதல் அறிவுரைப்படி சப்ளையர் இடத்துக்கே போனேன். அனந்தபுரம் தாண்டி மண் ரோடு. கையில் ஒரு டப்பா கொழுக்கட்டை.

அம்சா தோட்டத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒரு குவியல் கிழிசல் இலை, ஆடு தின்றுகொண்டிருந்தது. என் பார்சல் இலைகள். அடையாளம் தெரிந்தது.

டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். “கொழுக்கட்ட வேறயா? அப்போ முடிவே பண்ணிட்டீங்க.”

“இன்னா முடிவு?”

“பேப்பர் எலைக்குப் போறேன்னு நேரா சொல்லிட்டுப் போங்கண்ணா. இந்த உபசாரம்லாம் எதுக்கு?”

“யாரு சொன்னா பேப்பர் எலன்னு?”

“கல்லா மேல வெச்சிருக்கீங்களே.”

“அது ஈ ஓட்டறதுக்கு.”

“அவலூர்பேட்ட போனது?”

செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

“அதுவும் ஈ ஓட்டவா?”

ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடும் பார்த்தது. பிறகு அவளே தொடங்கினாள். குரல் இறங்கியிருந்தது.

“கஷ்டம் இருக்குதான்னு கேட்டீங்களே, அன்னிக்கே எனக்கு விஷயம் புரிஞ்சிபோச்சு. எங்க நைனா வேல செஞ்ச ரைஸ் மில்லுல ஓனரு ஒருநாளும் முகம் குடுத்துப் பேசமாட்டாரு. ஒருநாள் தோள்ல கை போட்டு, உனக்கு ஏதாவது கஷ்டமாய்யான்னாரு. நைனா வூட்டுக்கு வந்து பெருமையா சொன்னாரு. மறாநாளு வேல இல்ல. நீங்க வேற காபியும் குடுத்தீங்க.”

“அதான் நல்ல எலயா குடுத்தியா?”

“பின்ன? கொற இல்லன்னா நிறுத்தமாட்டீங்கன்னுதான்.”

எனக்குக் கோபம் வந்தது. எதன்மேல் என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “நடுவுல கிழிசல் வராததால பார்சலுக்கு நல்ல எலயக் கிழிக்கிறோம் நாங்க. தெரியுமா?”

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“கிழிசல் தெரியுமா உங்களுக்கு?”

“மொத நாள்லருந்து.”

“பின்ன ஏன் கேக்கல?”

“நீ ஏன் வெச்ச?”

சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். இத்தனை வருடம் பேசாமல் காப்பாற்றியதைப் பேசியாயிற்று. இனி அதை என்ன செய்வது என்று இருவருக்கும் புரியவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

“பாக்கலாம்,” என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாயங்காலம் காற்று. மழை பேருக்குத்தான், காற்று நிஜமாக. கரண்ட் போனது. வாழைக்குக் காற்றைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒரு காற்று அடித்தால் தோட்டம் முழுக்கக் கிழிசல். அவளுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

சந்தேகங்கள், வரிசையாக:
– கல்யாண மண்டபத்துக்காரன் அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டான்.
– ஏசி ஹோட்டல் (மறுபடியும்).
– நேற்றைய பேச்சில் அவமானப்பட்டுவிட்டாள்.
– போனில் சார்ஜ் இல்லை. (இதை நம்புகிற ஆள் நான் இல்லை.)

ஏழுமலை: “மொதலாளி, பேப்பர் எலைக்குச் சொல்லிடலாம். அதுல நம்பர் போட்டிருக்குது.”

மாதிரி இலையை எடுத்தேன். நம்பர்மேல் ஈ செத்து ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன், கடைசி இரண்டு எண் தெரியவில்லை. கீழே வைத்துவிட்டேன். நம்பிக்கையினால் வைத்தேன் என்று பிற்பாடு இதைப் படித்து நானே நினைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடிந்தது. அம்சா வரவில்லை. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. ஏழுமலை என் முகத்தைப் பார்ப்பதில்லை. பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். எடுத்து, “எல்லாம் ரெடி,” என்றேன்.

மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மொபெட் சத்தம். பின்னால் ஆட்டோவில் கொழுந்தன், ஆட்டோ முழுக்க இலை. ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. காற்றுக்கு முன்பே, நேற்று மதியமே அறுத்துவிட்டாளாம். போன் தோட்டத்துச் சேற்றில் விழுந்துவிட்டதாம்.

“மண்டபத்துக்காரன் வழிலயே மறிச்சிட்டான்ணா. ரெட்டிப்பா தர்றேன், மொத்தமும் எறக்குன்னான்.”

“எறக்கல?”

“அவனுக்கா? அவன் கட்டப் பிரிச்சி நடுவுல பாக்குறவன்.”

கொழுந்தன் தலையாட்டினார். பிறகு என்னிடம், “துக்கம்லாம் முடிஞ்சிதா மொதலாளி?”

முடிந்தது என்றேன்.

பந்தி நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் பாயசத்தில் முந்திரி குறைவு என்றார். பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணச் சாப்பாட்டு ஆர்டரும் எனக்குத்தான்.

கடைசியாக அம்சா இறக்கியது ஒரு சின்னக் கட்டு. “இது கிழிசல். பார்சலுக்கு. இனிமே தனியாவே வரும்.” மேலே கிழிசல், அடியில் கிழிசல். ஒளிவு மறைவு இல்லை. காபி கொடுக்கச் சொன்னேன். முழுவதும் குடித்தாள்.

சாயங்காலம் பார்சலுக்கு அந்தக் கட்டைப் பிரித்தது நான் இல்லை. ஏழுமலை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

“மொதலாளி, இங்க வாங்க.”

கிழிசல்களுக்கு நடுவே, நன்றாக மடித்து, ஒரு தலைவாழை இலை. இளசு. ஒரு கீறல் இல்லை.

தவறி வந்ததா, வைத்தாளா? வைத்தாள் என்றால் எதற்கு? நாளைக்கு வந்ததும் கேட்டுவிட வேண்டும்.

வேண்டாம். கேட்கக் கூடாது.