வெட்ட வெட்ட உடையாத எண்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. இவரை ஆட்டோவில் தாம்பரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பக்கவாதத்தில் வாயடைத்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வார்த்தை வராத சிலருக்கு எண் வரும், பழகிய எண் ஏதாவது சொல்ல வையுங்கள் என்றார் அந்த டாக்டர் பெண். வைத்தேன். "ஏழு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு". அங்கேயே அழுதுவிட்டேன். எந்த எண் என்று எனக்குத் தெரியும்.

ரவை, ஸ்ட்ரா, ஈ.பி. பில்.

மார்ச் 5, வியாழன்

73939133. கல்யாணமான புதிதில், பீச் லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்தபோது இவர் சொன்னது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ, எனக்கு இது. கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். 7 பகா எண்; ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. 73-ம் அப்படி. 739, 7393, கடைசி வரைக்கும் அப்படி. வலது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினாலும் மிச்சம் பகா எண்தான். இந்த ஜாதியில் இதுதான் பெரியது. பின்னால் இன்னும் எந்த இலக்கம் போட்டாலும் கெட்டது. என்ன எண்! அன்று கொட்டாவி விட்டேன்.

இன்று 7393 வரை. தண்ணீர் கேட்கத் தெரியாமல் டம்ளரைத் தட்டினார்.

மார்ச் 8, ஞாயிறு

மூட்டம். பொழிச்சலூர் நாத்தனார், இவருடைய அக்கா, மீன் குழம்போடு நேற்றே வந்துவிட்டார். எட்டாம் தேதி கிளம்ப மாட்டார். எந்த எண்ணைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டி ராசி பார்ப்பார். இவரும் கூட்டுவார், வேறு காரணத்துக்கு: கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும்.

739391 சுலபமாக வந்தது. அடுத்தது 7393913. நாத்தனார் விரல் மடித்தார். முப்பத்தைந்து, மூன்றும் ஐந்தும் எட்டு. "வேணாம்மா. ஒடம்பு முடியாதவன் வாயில சனியோட நம்பர் வரக்கூடாது. அத வுட்டுட்டு அடுத்தத சொல்லச் சொல்லு." அதைத் தாண்டாமல் கடைசிக்கு எப்படிப் போவது? இவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே அதை முழுசாகச் சொன்னார். இரண்டு தடவை. மனுஷனை ரசித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

முழு எண்ணும் வந்துவிட்டது. டாக்டர் பெண் கை தட்டினார். ஆனால் எண் மட்டும்தான். என் பெயர் இல்லை, பசி இல்லை, ஆமாம் இல்லை. இதற்கு மேல் இலக்கமும் கிடையாது. பயமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

புழுக்கம். கேஸ் புக் செய்யணும். நாத்தனார் மறுபடி. முழு எண்ணைக் கூட்டினால் முப்பத்தெட்டு, பதினொன்று, அப்புறம் இரண்டு வருகிறதாம், அதனால்தான் பேச்சு நிற்கிறதாம். கடைசியில் ஒரு ஏழு சேர்த்தால் நாற்பத்தைந்து, அப்புறம் ஒன்பது. "ஒம்பது ராஜா நம்பர்டா. ஏழ சேத்துச் சொல்லு, எல்லாம் சரியாயிடும்."

இவர் முகம் சிவந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நான் பயந்து எழுந்தேன்.

"இல்லக்கா. மூணால... வகுபடும்."

நாத்தனார் திரும்பவும் விரல் மடித்துக் கூட்டுகிறார். தம்பி அக்கா என்று கூப்பிட்டதை இன்னும் கவனிக்கவில்லை.