வலக்கண்ணின் நீளம்

பிப்ரவரி 6, செவ்வாய்

அம்மாவின் வலக்கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே வெளிச்சத்துக்கு மேல் எதுவும் தெரியாது என்று இன்று நான் சொல்லவில்லை.

சிங்காநல்லூரில் கண் ஆஸ்பத்திரி. புரை எடுப்பதற்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் அதைப் பொறுத்ததாம். அளந்தவள் லோகப்பிரியா, என் வயதுதான் இருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, பேனா போன்ற கருவியை விழியில் மெல்ல வைத்தாள். இடக்கண் இருபத்து மூன்று மில்லிமீட்டர். வலக்கண் இருபத்தேழு. தன் கை பிசகிவிட்டதென்று திரும்ப அளந்தாள். அதே இருபத்தேழு. இப்படி நீண்ட கண்ணில் பார்வை முன்பே மங்கலாக இருந்திருக்குமாம்.

"ஏனுங்கம்மா, சின்ன வயசுலருந்தே இந்தக் கண்ணு மங்கலுங்களா?"

"இல்லீங்க கண்ணு. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

பக்கத்தில் அத்தா. ஊசியில் நூல் கோப்பதில் தன் மனைவியை மிஞ்ச ஆளில்லை என்று பெருமை வேறு பேசினார். அம்மா சிரித்தாள்.

வலக்கண்ணில்தான் புரை முற்றியிருக்கிறதாம். முதலில் அதற்குத்தான் ஆபரேஷன் என்கிறார்கள்.

பிப்ரவரி 7

எனக்குப் பத்து வயதில், அம்மாவின் இடக்கண்ணில் மெட்ராஸ் ஐ வந்து இமை ஒட்டிக்கொண்டது. அடுப்படிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். "அத்தாகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள். அவள் நிக்காஹ் பேசியபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் வீட்டில் இதை மறைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். பார்வையே வராத கண்ணை எதற்கு அறுக்க விட வேண்டும்?

"பண்ணிட்டுப் போகட்டும். அப்புறம் லென்சு சேரலைன்னு சொல்லிக்கலாம்."

எப்படி இவ்வளவு நிதானமாக —

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை அஃபானுக்கு ஒரு காது கேளாததை அவன் வீட்டார் மறைத்ததால், பேசி முடித்த சம்பந்தத்தையே அத்தா முறித்தார். காது எனக்குப் பொருட்டில்லை என்று அன்றும் நான் சொல்லவில்லை. அம்மா அன்று முழுக்கச் சமையலறையை விட்டு வரவில்லை.

பிப்ரவரி 11

நாஞ் சொன்னா அம்மா மன்னிக்க மாட்டா. சொல்லாட்டி? இதைத் தீர்மானிக்க நான் யாரு?

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் வரச் சொல்லியிருந்தார். இவ்வளவு நீளமான கண்ணில் ஆபத்து அதிகம், முன்பு பார்வை எப்படி இருந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பதில் சொன்னது டாக்டருக்கு. பார்த்தது அத்தாவை.

"பொறந்ததுலருந்தே இதுல தெரியாதுங்க. எங்கூட்டுல சொல்ல வேண்டாம்னாங்க. அப்புறம் எனக்கே சொல்ல வாய் வரலைங்க."

அத்தா மருந்துப் பையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பஸ்ஸில் எங்களோடு உட்காரவில்லை. முன்பக்கம் போய் உக்கடம் வரை நின்றுகொண்டே வந்தார்.

பிப்ரவரி 15

அத்தா மதியம் வீட்டுக்கு வராமல், சாப்பாட்டைத் தன் கடைக்கே கொடுத்துவிடச் சொல்கிறார். என்னிடம்தான் சொல்கிறார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இடக்கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன். அம்மாவை உள்ளே அழைத்துப் போனதும் அத்தா எழுந்து டாக்டரின் எதிரே போய் நின்றார். இத்தனை நாளில் அம்மாவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"அவளுக்கு இருக்கறது இந்த ஒரு கண்ணுதானுங்க. பாத்துச் செய்யுங்க."

அம்மாவின் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

பிப்ரவரி 28, புதன்

இடக்கண்ணில் பார்வை தெளிந்துவிட்டது. வலக்கண்ணைத் தொடவில்லை. சொட்டு மருந்து விட அத்தாவே வேளை தவறாமல் கடையிலிருந்து வந்துவிடுகிறார். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.