அம்மா கையில் மைக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம்தான். சுகம் என்றால் படுத்துக் கிடக்கவில்லை, எழுந்து நடமாடுகிறோம், பசிக்கிறது, சாப்பிடுகிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் கைக்குப் போனால் சளி பிடித்ததா, போர்வை போதுமா என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. எதிர்வீட்டுத் தையல்காரரின் மருமகன் விடுமுறைக்கு வந்திருக்கிறார், அவருக்கும் நீ இருக்கிற பக்கம்தான் வேலை, வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கம்பெனியில் இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாசக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும், போட்டுவிடவா இல்லை திரும்பி வந்துவிடவா, தேர்தல் முடிந்தால் அங்கே வேலைவெட்டி பெருகும் என்கிறார்களே, நிஜமா அப்பா என்று கேட்டாய். பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, மேடையில் பேசுகிறவர்கள் மாதிரியே நானும் பேச ஆரம்பித்துவிட்டேனே என்று. உன் குரலைக் கேட்டால் உனக்கு அங்கே இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டது என்று தெரிகிறது. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், காதை வைத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. அதனால் இங்கே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே பார்.

நம் மைக் செட்டை இப்போது யாரும் தேடுவதில்லை. கல்யாணக்காரர்கள் ஒரு சின்னப் பெட்டியைப் போனோடு சேர்த்துப் பாட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், ஐம்பது பேரோடு கல்யாணத்தை முடித்துக்கொள்கிறவர்களுக்கு அதுவே ஜாஸ்தி. அம்மாவின் பிஸ்கட் ஃபேக்டரியில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மீதி நாள் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிஸ்கட்டும் சின்னதாகிவிட்டது, பாக்கெட் மட்டும் அதே அளவு, உள்ளே காற்றை அடைத்து ஒட்டுகிறோம் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஹார்டுவேர் கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார், மாசம் ஒரு தடவை வந்த தலை இப்போது இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருகிறது என்கிறார் முடிவெட்டுகிறவர். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் இரண்டை மட்டும் வெட்டித் தரச் சொன்னார். கடைப் பையன்கூட ஆச்சரியப்படவில்லை, கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்திருக்கிறான். ஊர் இப்படித்தான் இருக்கிறது, அழுகிற அளவுக்கும் இல்லை, சிரிக்கிற அளவுக்கும் இல்லை.

இதில் நமக்குக் கிடைத்த ஒரே வேலை தேர்தல் வேலைதான். ஆளுகிறவருக்கும் நான்தான் மைக், ஆளத் துடிக்கிறவருக்கும் நான்தான் மைக். இருவருடைய பேச்சும் எனக்கு மனப்பாடம். வேலைவாய்ப்பு என்று வரும் இடத்தில் இருவருமே குரலை உயர்த்துவார்கள், அதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே நான் வால்யூம் குமிழைக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். ஒருவர் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்கிறார், இன்னொருவர் இனியும் பொறுக்காதீர்கள் என்கிறார். எதற்குப் பொறுக்க வேண்டும், பொறுக்காமல் என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு பேரும் சொல்வதில்லை. நான் ஒரு தடவை இவருக்கும் ஒரு தடவை அவருக்கும் மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டவன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை யாருக்கும் இல்லை, அன்றைக்கு முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தேன். கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை பாப்பா, கோபமும் வரவில்லை, அலுப்புதான் வருகிறது.

போன வாரம் ஆளுகிறவர் நேரிலேயே வந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய மைதானம், போன தேர்தலுக்கு அவர் நின்ற அதே மூலையில் மேடை. இந்தத் தடவை ஒரு புது ஏற்பாடு, மக்கள் கேள்வி கேட்பார்களாம், தலைவர் பதில் சொல்வாராம், அதனால் கூட்டத்துக்குள்ளும் ஒரு மைக் வேண்டும் என்றார்கள். கேள்வி கேட்கிறவர்களை அவர்களே பொறுக்கி எடுத்து, என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்து, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுடைய உள்ளூர்ப் பொறுப்பாளர் இருக்கிறாரே, நீகூட ஆமாம்சாமி என்று பேர் வைத்தாயே, இப்போது ஊர் முழுக்க அந்தப் பேர்தான், அவர் நம் வீட்டுக்கு வந்து, தொழிலாளிப் பெண் ஒருத்தர் தேவைப்படுகிறார், வெளியாளை நம்ப முடியவில்லை, அண்ணியே கேட்டுவிடட்டும் என்றார். வீடு முழுக்க மைக் கிடந்தும் உன் அம்மா ஒரு நாள்கூட மைக்கைப் பிடித்ததில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை, அது வேறு விஷயம். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். சரி என்றாள். பெண்களுக்கு நீங்கள் கொண்டுவந்த திட்டங்கள் இனியும் தொடருமா ஐயா, இதுதான் கேள்வி. அடுப்படியில் நின்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கே சிரிப்பாக வந்தது.

கூட்டத்தன்று நான் மேடைக்குப் பக்கத்தில் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஃபேக்டரிப் பெண்களோடு நடுவில். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள், எழுந்து நின்றாள். வணக்கம் ஐயா என்றாள், அதுவரை சரியாகத்தான் போனது. அதற்கப்புறம், ஐயா, எம்பொண்ணு படிச்ச படிப்புக்கு இங்க வேலை இல்லைன்னு வெளிநாட்டுக்குப் போயிட்டா, போன தேர்தல்ல நீங்க இதே எடத்துல நின்னு, வெளிய போன பிள்ளைங்க எல்லாம் திரும்பி வரப்போறாங்கன்னு சொன்னீங்க, எந்த வருஷம்னு மட்டும் சொல்லிடுங்க ஐயா, அவ கையெழுத்துப் போடணும், என்றாள்.

அவள் பேசி முடிக்கும் முன்பே ஆமாம்சாமி என்னைப் பார்த்துக் கழுத்தில் கையை வைத்து அறுத்துக் காட்டினார், மைக்கை வெட்டு என்று அர்த்தம். ஒரு விரல் வேலைதான். அதைச் செய்யாவிட்டால் மிச்சமிருக்கிற கூட்டமெல்லாம் போய்விடும், இந்த வருஷத்துக்கு வேறு வேலை கிடையாது என்று எனக்குத் தெரியாதா. ஆனால் எம்பொண்ணு என்ற இடத்திலேயே அம்மாவின் குரல் இறங்க ஆரம்பித்திருந்தது. பேசுகிறவர் குரல் இறங்கினால் என் கை தானாக ஏற்றும், முப்பது வருஷப் பழக்கம், அதை நான் வீரம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஏற்றிவிட்டேன். கையெழுத்துப் போடணும் என்றது நாலு தெருவுக்குக் கேட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் கடைக்குள் உட்கார்ந்தபடியே கேட்டேன் என்றார்.

தலைவர் என்ன சொன்னார் என்று கேள். இரண்டு கையையும் தூக்கி, நிச்சயம் தொடரும் அம்மா, நிச்சயம் தொடரும் என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அதுதானே. எந்த வருஷம் என்று கேட்டால் நிச்சயம் தொடரும் என்கிறார், ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அடுத்த கேள்வி போய்விட்டது. அம்மா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள், பக்கத்திலிருந்த பெண் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குத் தலைவர் மேல் கோபமே இல்லை, கைதட்டினவர்கள் மேல்தான். அத்தனை பேரும் எங்கூட பாக்கெட் ஒட்டறவளுங்க, அவளுங்க பிள்ளைங்களும் வெளியிலதான் இருக்கு, எதுக்குங்க தட்டினாளுங்க என்று கேட்டாள். அவர் பேச்சை நிறுத்தினார், இவர்கள் தட்டினார்கள், வேறொன்றும் இல்லை என்றேன்.

மறுநாளே ஆமாம்சாமி வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார், உப்புத் தின்ற வீடு, அது இது என்று வாய்க்கு வந்தபடி. மிச்சக் கூட்டங்களெல்லாம் ரத்து. நான் வயர்களைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர் பல்லெல்லாம் தெரிய வந்து உட்கார்ந்தார். அண்ணே நீங்க நம்ம ஆளுன்னு தெரியாமப் போச்சே, அண்ணி என்னமா கேட்டுட்டாங்க, யாரோ போன்ல எடுத்த வீடியோவை எங்க தலைவரே பாத்துட்டு யாருன்னு கேட்டாரு, எங்க பெரிய கூட்டத்துக்கு நீங்கதான் என்றார். நான் யாருடைய ஆளும் இல்லை, மைக் செட்டுக்காரன் என்றேன். அதெல்லாம் தெரியும்ணே என்று கண்ணடித்தார். டீயைக் குடித்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, மேடைக்கு மட்டும் மைக் போதும்ணே, கூட்டத்துக்குள்ள வேண்டாம் என்றார். உள்ளேயிருந்து அம்மா சத்தமாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன் பாப்பா, வயிற்றைக் கழுவ வேண்டுமே. அவருக்கு ஓட்டுப் போடுவேன் என்று அர்த்தமில்லை. தூங்கப் போகிறேன் என்று சொன்னதையும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நீங்க போகலைன்னா அந்த ரெண்டு பேரும் நமக்கு எல்லாம் கெடைச்சிருச்சுன்னு நெனைச்சுக்குவாங்க, எந்திரிச்சு வாங்க, எவனுக்கோ போடுங்க, ஆனா வந்து நில்லுங்க என்கிறாள். அவளோடு யார் மல்லுக்கட்டுவது. போவேன். யாருக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது, வரிசை நீளமாக இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

நேற்று மத்தியானம் அந்தக் கூட்டத்துக்காக மைதானத்தில் செட்டைக் கட்டினேன். ஃபேக்டரி இல்லாத நாள், அம்மாதான் கூடவந்து வயர் பிடித்தாள், கூலிக்கு ஆள் வைக்க முடியவில்லை. நாற்காலியெல்லாம் காலி, ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. நான் மைக் டெஸ்டுக்கு ஒன் டூ த்ரீ சொல்வதில்லை என்று உனக்குத் தெரியுமே. நீ சின்னப் பெண்ணாக வீட்டில் இருக்கும்போது எந்த மைதானத்திலிருந்து டெஸ்ட் பண்ணினாலும் பாப்பா சாப்ட்டியா என்றுதான் கேட்பேன், நீ ஜன்னலிலிருந்து சாப்ட்டேன்பா என்று கத்துவாய், தெருவே சிரிக்கும். நீ போன பிறகும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறு வார்த்தை வாயில் வருவதில்லை. நேற்றும் பாப்பா சாப்ட்டியா என்றேன். அம்மா வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். பாப்பா, கையெழுத்துப் போட்டுடு என்றாள். எதிர்ச் சுவரில் முட்டி அது திரும்பி வந்தது. கடைசியில் குரல் உடைந்துவிட்டது. மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, கேக்குதாங்க என்றாள். கேட்குது என்றேன்.

இதுதான் எங்கள் பதில். நீ வரவேண்டாம் என்பதல்ல. உன் அறை அப்படியே இருக்கிறது, உன் மேஜைமேல் என் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்திருக்கிறேன், நீ வந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவேன். ஆனால் என் ஸ்பீக்கரில் வருகிற வார்த்தையை நம்பி நீ வேலையை விட்டுவிட்டு வரக்கூடாது. அந்த ஸ்பீக்கரில் என்னென்ன வந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். முடியவே இல்லை, அங்கே இருக்கவே பிடிக்கவில்லை என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் கிளம்பி வந்துவிடு, இரண்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற ஊரில் மூன்று பேராக இருந்துகொள்வோம். அம்மாவை நினைத்துக்கொண்டு அங்கே அழுதுகொண்டு இருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை என்றால் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை முழுசாகப் படி, சின்ன எழுத்தையும் விடாதே. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுடைய ஆசை, எங்களுடைய ஆசீர்வாதமும் அதுதான். தையல்காரரின் மருமகனிடம் மறக்காமல் நன்றி சொல். அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டுமாம், கொடுத்துவிடுகிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா

பாப்பா, அப்பா எழுதினதைப் படிச்சேன். எனக்குக் குரல் ஒண்ணும் உடையல, அவரோட மைக்தான் பழசு. நீ கையெழுத்துப் போட்ட உடனே, நாலு வருஷம்னா அது எந்த வருஷம், எந்த மாசம் முடியுதுன்னு எனக்கு எழுது. அந்த ஆளு சொல்லல. நீ சொல்லு. — அம்மா