காரமடை மோட்டாரும் உன் தங்கச்சியும்

உ
அவிநாசியப்பர் துணை

ஆர்.எஸ்.புரம், கோவை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் மதன்குமாருக்கு அம்மா எழுதுவது. கருணாம்பிகைத் தாயார் காவலில் நாங்கள் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், கனடாவில் அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் விடிந்தால் முதல் நினைப்பு. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் இன்னும் வேகமாக ஏறுகிறார். பால்காரர் இந்த மாதக் கணக்கில் கூடப் போட்டிருந்தார், கேட்டுத் திருத்திவிட்டேன். போனில் பேசினால் தங்கச்சி காதில் விழும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி கண்ணு.

மோகனப்பிரியா வேலையை விடப்போகிறேன் என்கிறாள். பம்பு கம்பெனியில் போனில் குறை கேட்டுப் பதில் சொல்லும் வேலை, சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். அங்கே மெக்கானிக்குகள் இத்தனை காலம் சொன்ன பதில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆட்கள் ஒருவரும் திறப்பதில்லை, சந்தேகம் வந்தால் பெரிய மெக்கானிக் திருமலைசாமிக்கு ஒரு போன் போட்டால் காரியம் முடிந்தது. இவள் ஒருத்திதான் அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீயும் அவரையே கேட்டால் என்ன அம்மணி என்றேன். "கேட்டா, இதுகூடத் தெரியாமயா வந்து உக்காந்திருக்கறேன்னு சிரிக்கறாங்கம்மா. கம்ப்யூட்டரு சிரிக்காது" என்றாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகினவள் நான், யாரையும் கேட்க வெட்கமாக இருந்ததால்தான்.

போன மாதம் காரமடைப் பக்கமிருந்து நஞ்சுண்டன் என்று ஒரு கறிவேப்பிலைத் தோட்டக்காரர், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். குழாயில் காற்று அடைத்திருக்கும், கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஏறிவிடும் என்று கம்ப்யூட்டரில் இருந்ததை இவள் அப்படியே சொன்னாள். அது கிணற்று மோட்டாருக்கு உண்டான பதில். அவருடையது ஆழ்துளைக் கிணற்றில் இறக்கின போர் மோட்டார், நீர்மட்டம் கீழே போயிருந்தது, தண்ணீரில்லாமல் ஓடி உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று, காயில் என்பார்களே, அது கருகிவிட்டது. மனுசன் ஆபீசுக்கே வந்துவிட்டார். "செடியெல்லாம் வாடுதுங்க அம்மணி, நீங்க சொன்னதத்தானுங்க செஞ்சேன்" என்று மெல்லத்தான் சொன்னாராம், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கம்பெனியே காயில் கட்டிக் கொடுத்துத் தோட்டம் பிழைத்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பதில்களைத் திறந்து பார், திறந்து பார் என்று சொல்லிக்கொண்டிருந்த மேனேஜர் கோபாலசாமியே, அதைப் பார்த்துச் சொல்லச் சொன்னது யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆபீசில் ஒருவரும் அதன் பக்கம் போவதில்லை.

திருமலைசாமிக்கு விஷயம் தெரிய ஒரு வாரம் ஆகியிருக்கிறது. நேராக மேனேஜர் அறைக்குப் போய், "அது நாஞ் சொன்னதுங்க. கெணத்து மோட்டாருக்குன்னு சொல்லித்தான் சொன்னேன். ஏத்துனவிய அந்த வார்த்தையையும் உட்டுப்போட்டாங்க, எம்பேரையும் உட்டுப்போட்டாங்க. பேரு இருந்திருந்தா இந்தப் புள்ள என்னையக் கேட்டிருக்குமில்லீங்க" என்றாராம். அதைக் கேட்டு மேனேஜர், எல்லாப் பதிலையும் முதலிலிருந்து பார்த்து, எந்த மோட்டாருக்கு, யார் சொன்னது என்று பேர் போட்டுச் சரிசெய்ய வேண்டும், திருமலைசாமியோடு உட்கார்ந்து பிரியாவே அதைச் செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறார். செய்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இவள் முடியாதென்று சொல்லிவிட்டு நின்றுவிடுவதாக இருக்கிறாள்.

காரணம் கேட்டால் உன்னைச் சொல்கிறாள் சாமி. எழுதியிருந்தால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாயா, மூளை எங்கே போயிற்று என்று நீ போனில் கேட்டாயாமே. "அண்ணனே அப்படி நெனைக்கறான், மத்தவங்க நெனைக்கமாட்டாங்களா" என்று கேட்கிறாள். நீ அக்கறையில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று எடுத்துப் பார்த்தவளுக்குக் கெட்ட பேர், எடுத்தே பார்க்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. இப்படி விட்டால் இனி எந்த வேலைக்குப் போனாலும் அவள் எடுத்துப் பார்க்கவும் மாட்டாள், யாரையும் கேட்கவும் மாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு. சமாதானமும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். உன் வீட்டுக்குக் கீழே தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது, காரணம் தெரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னாய் அல்லவா, அதை அவளிடம் கேள். அவளுக்குத் தெரியாவிட்டால் திருமலைசாமியைக் கேட்டுச் சொல்லட்டும். அவள் சொன்னபடி செய்துபார்த்து, சரியாயிற்றா இல்லையா என்று அவளுக்கே திருப்பிச் சொல். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே.

பிரதோஷத்துக்கு உங்கள் இரண்டு பேர் பேரிலும் அர்ச்சனை செய்தேன். நீ நோய்நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து நூறாண்டு வாழ அவிநாசியப்பர் அருளட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. பிரியாவைக் கூப்பிடும் முன்னால் கீழே இறங்கி, அது என்ன மோட்டார் என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். இப்போதெல்லாம் அவள் முதலில் அதைத்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
நஞ்சம்மாள்