சுவரொட்டியில் உள்ள பெயர்

அன்பு மகளே,

"ஏலாது அப்பா, நான் தேர்தலில இருந்து விலகிறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன் அப்பாவின் உண்மையான பெயர் என்ன என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் கேட்டானாம்.

வில்லி பிராண்டையும் இப்படித்தான் கேட்டார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி நோர்வேக்கு ஓடியவர், ஒளிந்து வாழ வைத்துக்கொண்ட பெயர் அது. திரும்பி வந்து தேர்தலில் நின்றபோது, பிறந்த பெயரைச் சொல்லிக் குத்திக்காட்டினார்கள். அவர் மாற்றவில்லை. அந்தப் பெயரோடேயே இந்த நாட்டை ஆளும் சான்சலர் ஆனார். நான் வேலை செய்யும் விமான நிலையத்துக்கும் இன்று அவர் பெயர்தான்.

தபோதரன் என்பது, நான் தப்பி இங்கே வர ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில் இருந்த பெயர். உனக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. முருகனிடம் மட்டும் பொய் சொல்ல மனம் வராமல், அர்ச்சனைக்கு "இராசலிங்கம், அனுஷம்" என்று சொல்லிவந்தேன். ஊரிலிருக்கும் பெரியப்பாவாக்கும் என்று நீ நினைத்தாய். நானும் திருத்தவில்லை.

ஆனால் உன்னை வளர்த்தவன் தபோதரன்தான். அந்தப் பெயர் உள்ள உன் தேர்தல் சுவரொட்டியைக் கழற்ற விடாதே.

நேற்றுக் கோயிலில் ஐயர் வழக்கம்போல இராசலிங்கம் என்று தொடங்கினார்.

"இல்லை ஐயா, தபோதரன் எண்டு சொல்லுங்கோ."

நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"அது மாறேல்லை" என்றேன்.

அப்பா