எந்தக் கேமரா என்று கேட்டிருந்தாய்

அன்புத் தங்கைக்கு,

கல்யாணம் முடிந்ததும் கடலோரம் போகிறீர்களாமே. எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கேமராக் கடையில் வேலை பார்ப்பவள் நான், சொல்கிறேன்.

மிரர்லெஸ் கேமராவில் முகம் அழகாக விழும். ஆனால் மணலும் தண்ணீரும் அதற்கு ஆகாது. என்னுடையதை நீ கட்டிக்கொள்ளப் போகிறவர்தான் சுவரில் வீசி உடைத்தார். அப்போது அவர் என் கணவர். "கை தவறிடுச்சு அத்தை" என்று அம்மாவிடம் சொன்னார். "கேமராதானே, போனாப் போகுது விடு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

வாட்டர்ப்ரூஃப் கேமராவில் படம் சுமார்தான். ஆனால் ஆள் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். அதையே வாங்கு.

என்றைக்காவது கன்னம் வீங்கினால் அன்றைக்கே படம் எடுத்துவை. நான் எடுக்கவில்லை. அதனால்தான் நீகூட என்னை நம்பவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா